கல்லூரி ஹாக்கியில் கணிப்புப் போட்டி நடத்துவது எப்படி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கல்லூரிகளுக்கு இடையிலான ஹாக்கி நடக்கும் மைதானத்தின் ஓரத்தில் பெரும்பாலும் மாற்று வீரர்களும் நாலைந்து பழைய மாணவர்களும்தான் நிற்கிறார்கள். எந்த அணி ஜெயிக்கும் என்று தான் எழுதிப் போட்ட சீட்டு ஒன்று பெட்டிக்குள் இருக்கிறது என்றால், வழியோடு போகிறவரும் கடைசி விசில் வரை நின்று பார்ப்பார். அதற்காகவே கணிப்புப் போட்டி நடத்த விரும்பும் டெல்டா வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

எங்கள் கல்லூரி மைதானத்தில் எட்டு அணிகள் ஆடும் நாக் அவுட் (தோற்ற அணி உடனே வெளியேறும் போட்டி) வருகிறது. பழைய மாணவர் சங்கத்தின் சார்பில் கணிப்புப் போட்டி வைக்க நினைக்கிறோம். சீட்டுக்கு 20 ரூபாய் வாங்கி, வசூலில் பாதியைப் பரிசாகக் கொடுக்கலாமா? – கும்பகோணம் வாசகர்

வாங்காதீர்கள், ஒரு ரூபாய்கூட வேண்டாம். பலரிடம் காசு வாங்கி, முடிவைச் சரியாகச் சொன்னவருக்கு அந்தக் காசிலிருந்து கொடுத்தால் அதன் பெயர் பந்தயம். தமிழ்நாட்டில் 1930-ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் இன்னும் இருக்கிறது. இணையம் வழியாக வாங்கினால் மாநில அரசின் 2022-ஆம் ஆண்டுச் சட்டமும், மத்திய அரசின் 2025-ஆம் ஆண்டு ஆன்லைன் விளையாட்டுச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். ‘இது அதிர்ஷ்டம் இல்லை, ஹாக்கி தெரிந்தவனின் திறமை’ என்று சொல்லித் தப்பவும் முடியாது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டு திறமையாலானது என்றாலும் தடைதான் என்று 2025 சட்டம் தெளிவாகச் சொல்கிறது. ‘நன்கொடை’, ‘அச்சுக் கூலி’ என்று வேறு பெயர் வைத்து வாங்குவதும் வேண்டாம்.

சீட்டை இலவசமாகக் கொடுங்கள். செலவு என்று பார்த்தால் ஜெராக்ஸும் பரிசும் மட்டும்தான். பரிசைச் சங்கமோ ஊர்க் கடைக்காரர் ஒருவரோ பொருளாகத் தரட்டும். நல்ல ஹாக்கி மட்டை ஒன்று, நாச்சியார்கோவில் குத்துவிளக்கு ஒன்று, தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை ஒரு ஜோடி என்று மூன்று பரிசு போதும். ரொக்கம் வைத்தால் அடுத்த வருடம் யாராவது ‘நாங்களும் காசு போடுகிறோம், பெரிதாக நடத்தலாம்’ என்று வருவார்கள். பொருளாக வைத்தால் அந்தப் பேச்சு எழாது. கல்லூரி முதல்வரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, ‘கட்டணம் இல்லை’ என்று சீட்டிலேயே அச்சிட்டுவிடுங்கள்.

யாருக்கு யார் எதிர் என்ற ஃபிக்சரே முந்தின நாள் ராத்திரி மேனேஜர்கள் கூட்டத்தில் லாட் (குலுக்கல்) எடுத்துத்தான் முடிவாகிறது. மறுநாள் காலை ஏழு மணிக்கு முதல் ஆட்டம். இடையில் எப்படிச் சீட்டு அடித்து, கொடுத்து, திருப்பி வாங்குவது? – மன்னார்குடி வாசகர்

கல்லூரிப் பெயரைப் போட்டு அச்சடிக்க நினைப்பதால்தான் இந்தத் திண்டாட்டம். சீட்டுக்கு எண் போதும். 1-க்கு எதிர் 2, 3-க்கு எதிர் 4, 5-க்கு எதிர் 6, 7-க்கு எதிர் 8 என்று நான்கு கால் இறுதிக் கட்டங்களைப் போட்டு, அவற்றிலிருந்து கோடு இழுத்து இரண்டு அரை இறுதிக் கட்டம், கடைசியில் ஒரு சாம்பியன் கட்டம் வரைந்து ஒரு வாரம் முன்பே அச்சடித்துவிடலாம். கூட்டத்தில் லாட் எடுத்து முடிந்தவுடன் எந்த எண் எந்தக் கல்லூரி என்று சார்ட் பேப்பரில் பெரிதாக எழுதி மைதான வாசலில் ஒன்று, கேன்டீனில் ஒன்று, விடுதியில் ஒன்று ஒட்டுங்கள். அதையே படமெடுத்து வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்புங்கள்.

எண் போடுவதில் இன்னொரு லாபமும் உண்டு. நம் பக்கத்தில் ஊருக்கு ஊர் அரசு கலைக் கல்லூரி. ‘அரசு கல்லூரி’ என்று மட்டும் எழுதிய சீட்டு நாற்பது வந்தால், கும்பகோணமா, திருவாரூரா, மன்னார்குடியா என்று யாரைப் போய்க் கேட்பது? எண் எழுதிய சீட்டில் அந்தச் சிக்கல் வராது.

ஏ4 தாளில் இரண்டு சீட்டு அடங்கும். 200 பேருக்கு 100 தாள், வீணாவதற்கு இன்னும் 10 தாள். சீட்டின் இடது ஓரத்தில் கிழித்துக் கொடுக்கும் அடிக்கட்டை இருக்கட்டும். அடிக்கட்டையிலும் சீட்டிலும் ஒரே வரிசை எண் வேண்டும். அடிக்கட்டை எழுதியவரிடம் போகும், சீட்டு பெட்டிக்குள் போகும். சீட்டில் பெயர், ஊர், கைபேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கம் மட்டும் கேளுங்கள். முழு எண் கேட்கக் கூடாது. சீட்டுகளை எல்லோருக்கும் காட்டப்போகிறோம் என்பதே காரணம்.

காலை 6.45-க்குப் பெட்டிக்குச் சீல். அங்கேயே இரண்டு அணிகளின் மேனேஜர்களை நிற்க வைத்துச் சீட்டுகளை எண்ணி, எண்ணிக்கையைத் தாளில் எழுதி அவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். பிறகு எல்லாச் சீட்டுகளையும் கைபேசியில் படமெடுத்து ஒரே கோப்பாக்கி, முதல் ஆட்டம் முடிவதற்குள் குழுவில் போட்டுவிட வேண்டும். நடத்துபவர்கள் அதிகம் விட்டுவிடுவது இந்த ஒரு வேலையைத்தான், கடைசி நாள் சண்டை வருவதும் இதனால்தான். ஜெயித்தவர் நடத்துபவரின் சொந்தக்காரராக இருந்தால் ‘ராத்திரி சீட்டை மாற்றிவிட்டார்கள்’ என்ற பேச்சு கட்டாயம் கிளம்பும். படம் முதல் நாள் காலையிலேயே எல்லோர் கையிலும் இருந்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

அணிகள் எட்டு இல்லை, பதினொன்று வந்துவிட்டால்? – திருத்துறைப்பூண்டி வாசகர்

2, 4, 8, 16 என்று இரட்டிப்பாகும் வரிசையில் 11-க்கு அடுத்த எண் 16. ஆகவே 16-11 = 5 பை, அதாவது ஐந்து அணிகள் முதல் சுற்றில் ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும். மேல் பாதியில் 6 அணி, கீழ்ப் பாதியில் 5 அணி. மேலே 2 பை, கீழே 3 பை. முதல் பை கீழ்ப் பாதியின் கடைசி அணிக்கு, இரண்டாவது மேல் பாதியின் முதல் அணிக்கு, மூன்றாவது கீழ்ப் பாதியின் முதல் அணிக்கு, நான்காவது மேல் பாதியின் கடைசி அணிக்கு என்று உங்கள் உடற்கல்வி இயக்குநர் போடுவார். மொத்தம் 10 ஆட்டம், அதில் முதல் சுற்று 3 மட்டும்.

அந்த மூன்று ஆட்டத்தையும் கணிப்பில் சேர்க்காதீர்கள் என்பது எங்கள் யோசனை. பஸ் தாமதம், தேர்வு, ஆள் குறைவு என்று அணி வராமல் போவது முதல் சுற்றில்தான் அதிகம். எட்டு அணி தேறிய பிறகு கால் இறுதியிலிருந்து பெட்டியைத் திறந்தால் சீட்டும் மாறாது, அச்சும் மாறாது. எட்டின் சீட்டையே எப்போதும் பயன்படுத்தலாம்.

கால் இறுதிக்கு 1, அரை இறுதிக்கு 2, இறுதிக்கு 4 என்று புள்ளி கொடுத்தோம். சாம்பியனை மட்டும் சரியாகச் சொன்ன ஒருவர், ஹாக்கியை நன்றாகத் தெரிந்த மற்றவர்களைத் தாண்டிவிட்டார். இது நியாயமா? – மயிலாடுதுறை வாசகர்

உங்கள் சந்தேகம் சரி. சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்குவது எல்லோரும் செய்கிற முறை. பதினாறு, முப்பத்திரண்டு அணி உள்ள போட்டிக்கு அது ஓரளவு பொருந்தும், எட்டு அணிக்குப் பொருந்தாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மொத்தப் புள்ளி 4+4+4 = 12. சாம்பியனைச் சரியாகச் சொன்னவருக்கு அதே அணியின் கால் இறுதி 1, அரை இறுதி 2, இறுதி 4 சேர்ந்து 7 வந்துவிடுகிறது. மற்ற மூன்று கால் இறுதியையும் இன்னொரு அரை இறுதியையும் அவர் தவறவிட்டாலும் 7 அவருடையது. இன்னொருவர் நான்கு கால் இறுதியும் ஓர் அரை இறுதியும் சரியாகச் சொல்லி, மற்றோர் அரை இறுதியையும் சாம்பியனையும் விட்டிருந்தால் அவருக்கு 6. ஐந்து சரி சொன்னவர் மூன்று சரி சொன்னவருக்குப் பின்னால் நிற்கிறார்.

2-3-4 என்று மாற்றுங்கள். மொத்தம் 8+6+4 = 18. முதலாமவருக்கு 9, இரண்டாமவருக்கு 11. சாம்பியனுக்கு இப்போதும் மதிப்பு இருக்கிறது, ஆனால் அது ஒன்றே எல்லாவற்றையும் விழுங்கிவிடாது. எண்கள் சிறியவை என்பதால் மைதான ஓரத்தில் நின்றபடியே மனக்கணக்காகச் சொல்லிவிடலாம். அதுவும் முக்கியம். தன் புள்ளி எவ்வளவு என்று தனக்கே தெரியாத போட்டியில் யாருக்கும் ருசி இருக்காது.

கல்லூரி மைதானத்துக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. போட்டியை நடத்தும் கல்லூரியின் மாணவர்கள் பாதிப் பேருக்கு மேல் தங்கள் கல்லூரியையே சாம்பியனாக எழுதுவார்கள். அந்த அணி ஜெயித்துவிட்டால் நூறு பேர் ஒரே இடத்தில் நிற்பார்கள். இதற்காக, தரவரிசை கொடுக்கப்பட்ட அணியைத் தரவரிசை இல்லாத அணி வீழ்த்தும் என்று சரியாகச் சொன்னவருக்கு ஆட்டத்துக்கு 1 புள்ளி கூடுதலாகக் கொடுங்கள். 1-க்கு மேல் வேண்டாம். கூட்டினால் வேண்டுமென்றே எல்லாச் சிறிய அணிகளையும் எழுதிப் போடுகிறவர் முன்னால் வந்துவிடுவார். சரியாகச் சொன்னவர்களின் எண்ணிக்கையால் 100 புள்ளியை வகுத்துக் கொடுக்கும் முறையும் உண்டு. கணினி இருந்தால் நல்ல முறைதான். ஆனால் 63 பேருக்கு 1.587 என்று பங்கு வரும்போது பார்வையாளருக்கு ஒன்றும் புரியாது.

சமமாக வந்தவர்கள் ஒன்பது பேர். குலுக்கல் போட்டுத் தீர்க்கலாமா? – நாகப்பட்டினம் வாசகர்

வேண்டாம். சரியாகச் சொன்னவருக்கு மரியாதை என்று தொடங்கிய போட்டியைக் குலுக்கலில் முடித்தால் அது வேறு எதுவோ ஆகிவிடும். 2003-லேயே லாட்டரிச் சீட்டைத் தடை செய்த மாநிலம் இது, அந்த வாசனையே இருக்கக் கூடாது.

சமம் வருவது விபத்தில்லை, முன்பே தெரிந்த விஷயம். எட்டு அணி, ஏழு ஆட்டம். ஓர் ஆட்டத்துக்கு இரண்டு விடை என்றால் ஏழு ஆட்டத்துக்கு மொத்தம் 128 விதமாகத்தான் சீட்டை நிரப்ப முடியும். 200 பேர் எழுதினால் அச்சு மாறாமல் ஒரே மாதிரிச் சீட்டு இருந்தே தீரும். ஆகவே எட்டாவது கேள்வி ஒன்று வேண்டும்: ‘ஏழு ஆட்டங்களிலும் சேர்த்து மொத்தம் எத்தனை கோல்?’ இறுதி ஆட்டத்தின் கோலை மட்டும் கேட்டால் எல்லோரும் 3, 4, 5 என்றே எழுதுவார்கள், மறுபடி சமம். ஏழு ஆட்டத்தின் மொத்தம் என்றால் விடைகள் விரிந்து கிடக்கும்.

உண்மையான எண்ணுக்கு மிக அருகில் எழுதியவர் முதலில். மொத்தம் 26 என்று வைத்துக்கொண்டால் 24-ம் 28-ம் ஒரே தூரம். அப்போது குறைத்து எழுதியவருக்கு முதலிடம் என்றோ கூட்டி எழுதியவருக்கு என்றோ முன்பே சீட்டின் பின்புறம் அச்சிட்டிருக்க வேண்டும். எது என்பது பெரிதில்லை, முன்பே சொல்லியிருப்பதுதான் பெரிது. அதற்கும் சமமானால் பரிசைப் பகிர்ந்து கொடுங்கள். குத்துவிளக்கைப் பகிர முடியாதே என்றால் இரண்டாம், மூன்றாம் பரிசுகளோடு சேர்த்து ஆளுக்கொன்று கொடுக்கலாம்.

60 நிமிடம் முடிந்து 2-2, பிறகு ஷூட் அவுட்டில் 4-3. மொத்த கோலில் இதை எப்படிச் சேர்ப்பது? – பட்டுக்கோட்டை வாசகர்

வெற்றி பெற்ற அணியைத் தீர்மானிக்க ஷூட் அவுட் முடிவை எடுத்துக்கொள்ளுங்கள். கோல் கணக்குக்கு 2+2 = 4 மட்டும். 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தோடு கிளம்பி 8 நொடிக்குள் கோல்கீப்பரைத் தாண்டுவது ஆட்டத்தின் கோல் ஆகாது. பக்கத்துக்கு ஐந்து பேர் அடித்தும் தீராமல் ஒரு பக்கம் முந்தும் வரை அடிக்கும் சடன் டெத்துக்குப் போய்விட்டால் எண்ணிக்கை எங்கேயோ ஏறிவிடும், மொத்த கோல் கேள்வியே கெட்டுப்போகும். கூடவே, நடத்தும் குழு ஆட்ட நேரத்தைக் குறைத்திருந்தால் அதைச் சார்ட்டில் எழுதி ஒட்டுங்கள். நேரம் குறைந்தால் கோல் குறையும், சமநிலை கூடும். கணிக்கிறவருக்கு அது தெரிய வேண்டும்.

முடிவுக்கு ஆதாரம் டெக்னிக்கல் மேசையில் அம்பயர்கள் கையெழுத்திட்ட ஸ்கோர் ஷீட் ஒன்றுதான். வாட்ஸ்அப்பில் வரும் ஸ்கோரை நம்பிப் பலகையில் எழுதாதீர்கள்.

போன முறை ஐப்பசி மழையில் ஒரு ஆட்டம் டாஸ் போட்டு முடிவானது, ஒரு அணி வரவே இல்லை, இறுதி ஆட்டம் நடக்காமல் இருவரும் கூட்டுச் சாம்பியன். புள்ளி போட முடியாமல் போட்டியையே கைவிட்டோம். – திருவாரூர் வாசகர்

மூன்றும் ஒரே போட்டியில் வந்தது துரதிர்ஷ்டம். ஆனால் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் களிமண் மைதானத்தில் ஹாக்கி வைத்தால் மூன்றையும் எதிர்பார்க்கத்தான் வேண்டும். ஒரு மணி நேர மழைக்கு மறுநாள் மதியம் வரை பந்து உருளாத மண் இது. ஒவ்வொன்றுக்கும் விதி எழுதி வைத்துக்கொள்ளலாம்.

வாக்-ஓவர் (ஓர் அணி வராததால் எதிரணி ஆடாமலே முன்னேறுவது): அந்த ஆட்டத்துக்கு யாருக்கும் புள்ளி இல்லை. வராத அணியை எழுதியவரின் சீட்டில் அந்த அணி இருந்த இடங்களிலெல்லாம் எதிரணி தானாக ஏறிக்கொள்ளும். இது சலுகை மாதிரித் தெரியும். யோசித்தால் நியாயம் புரியும். அந்த அணி தோற்கவில்லை, ஆடவே இல்லை. அதை எழுதியவரின் கணிப்பு தவறு என்று காட்ட அங்கே ஒன்றும் நடக்கவில்லை. அவரை அரை இறுதி, இறுதி வரை தண்டித்தால் முதல் நாளே மைதானத்தை விட்டுப் போய்விடுவார்.

டாஸ் போட்டு முடிவான ஆட்டத்துக்கும் அதே விதி. ஆட்டம் பாதியில் நின்று அப்போதைய ஸ்கோரை வைத்து முடிவு அறிவித்தால், அது ஸ்கோர் ஷீட்டில் ஏறியிருக்கும் என்பதால் புள்ளி உண்டு.

கூட்டுச் சாம்பியன்: இரண்டில் எந்த அணியை எழுதியிருந்தாலும் 4-க்குப் பாதி, 2 புள்ளி. ஏழில் எத்தனை ஆட்டம் உண்மையில் ஆடப்பட்டதோ அவற்றின் கோலை மட்டும் கூட்டுங்கள்.

நீங்கள் கேட்காத நான்காவது ஆபத்தையும் சொல்லிவிடுகிறோம். ஆட்டம் முடிந்த பிறகு, ‘அந்த ஆட்டக்காரர் அந்தக் கல்லூரியின் மாணவரே இல்லை’ என்று எதிரணி புகார் கொடுப்பதுண்டு. இரண்டு நாள் கழித்து முடிவு புரளலாம். கணிப்புப் போட்டிக்கு அடுத்த சுற்றின் முதல் விசில்தான் எல்லை. அதற்குள் முடிவு மாறினால் புதிய முடிவு, அதற்குப் பின் மாறினால் பழைய முடிவே நிற்கும்.

கடைசி நான்கு அணிகள் லீக் முறையில், அதாவது ஒவ்வோர் அணியும் மற்ற மூன்றோடும், ஆடும் போட்டி எங்களுடையது. அரை இறுதியே இல்லை. என்ன கேட்பது? – பாபநாசம் வாசகர்

நான்கு அணிகளும் எந்த வரிசையில் முடியும் என்று கேளுங்கள். ஆனால் புள்ளி போடும்போது, ‘சரியான இடத்தில் எழுதிய அணிக்கு ஒன்று’ என்று போகாதீர்கள். நான்கு அணிக்கு 24 வரிசை உண்டு. அதில் நான்கும் சரியாவது ஒன்று, இரண்டு சரியாவது ஆறு, ஒன்று சரியாவது எட்டு, எதுவும் பொருந்தாதது ஒன்பது. மூன்று சரி என்பது வரவே வராது, மூன்று சரியானால் நாலாவதும் சரியாகிவிடும். ஆக, பெரும்பாலோர் பூஜ்யத்திலும் ஒன்றிலும் வந்து குவிவார்கள்.

ஜோடி ஜோடியாகப் பாருங்கள். நான்கு அணியில் ஆறு ஜோடி. எந்த ஜோடியில் எது மேலே வரும் என்று சரியாக இருக்கிறதோ அதற்கு 1 புள்ளி. உதாரணத்துக்கு, ஒருவர் தஞ்சை, குடந்தை, ஆரூர், நாகை என்று எழுதுகிறார். முடிவு குடந்தை, தஞ்சை, ஆரூர், நாகை. இட முறையில் அவருக்கு நாலுக்கு 2. ஜோடி முறையில் தஞ்சை–குடந்தை ஒன்றுதான் புரண்டது, ஆறுக்கு 5. முடிவு குடந்தை, ஆரூர், நாகை, தஞ்சை என்று வந்தால் இட முறையில் பூஜ்யம். தஞ்சையைத் தவிர மற்ற மூவரின் வரிசையைச் சரியாகச் சொன்னவருக்குப் பூஜ்யம் கொடுப்பது அநியாயம். ஜோடி முறையில் 3 கிடைக்கும்.

லீக்கில் வெற்றிக்கு 3, சமநிலைக்கு 1 என்று புள்ளி போட்டு இரண்டு அணி சமமானால், சர்வதேச முறையில் முதலில் ஜெயித்த ஆட்டங்களின் எண்ணிக்கையையும், பிறகு கோல் வித்தியாசத்தையும், பிறகு அடித்த கோலையும் பார்ப்பார்கள். உங்கள் போட்டியின் விதித்தாளில் வேறு மாதிரி இருக்கலாம். அதை வாங்கிப் படித்து, அப்படியே சார்ட்டில் ஒட்டிவிடுங்கள்.

சீட்டு வேண்டாம், கூகுள் ஃபார்மிலேயே நடத்திவிட்டால் என்ன? – தஞ்சாவூர் வாசகர்

வெளியூர்ப் பழைய மாணவர்களுக்கு அது வசதி. இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். ஃபார்மில் மூன்று இடத்தில் கவனம் வேண்டும்.

முதலாவது, காகிதச் சீட்டில் கோடு இழுத்திருப்பதால் கால் இறுதியில் தோற்பதாக எழுதிய அணியை அரை இறுதியில் யாரும் எழுத மாட்டார்கள். ஃபார்மில் எழுதுவார்கள். ஒவ்வொரு கேள்வியும் தனித்தனியாக வருவதால் 1-ஐ விட 2 ஜெயிக்கும் என்று எழுதிவிட்டு, கீழே வந்து 1-ஐச் சாம்பியன் ஆக்குவார்கள். எதுவானாலும் புள்ளி வரட்டும் என்று வேண்டுமென்றே செய்கிறவர்களும் உண்டு. ‘முந்தைய சுற்றில் நீங்களே வெளியேற்றிய அணிக்குப் பின்னால் புள்ளி கிடையாது’ என்று ஃபார்மின் தலையில் எழுதுங்கள். பதில்கள் வந்து சேரும் கூகுள் ஷீட்டில் ‘கவுண்ட்இஃப்’ என்ற எண்ணும் சூத்திரத்தைப் போட்டு, சாம்பியன் அரை இறுதிப் பதிலிலும், அரை இறுதிப் பதில் கால் இறுதிப் பதிலிலும் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

இரண்டாவது, நேரம். ஃபார்மை மூட வேண்டியவர் தூங்கிவிட்டார் என்றால் ஆட்டம் பாதி நடந்த பிறகும் பதில் வந்துகொண்டிருக்கும். ஷீட்டில் பதிவாகும் நேரம்தான் உங்கள் பெட்டியின் சீல். 6.45-க்குப் பிந்திய வரிசை எதுவும் செல்லாது. ஷீட்டின் அமைப்பில் நேர மண்டலம் இந்திய நேரமாக இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள்.

மூன்றாவது, ஒருவரே பல முறை அனுப்புவது. பதிலைத் திருத்தும் வசதியை அணைத்துவிட்டு, ‘6.45-க்கு முன் கடைசியாக அனுப்பியது மட்டும் செல்லும்’ என்று விதி வையுங்கள். சீட்டும் போட்டு ஃபார்மும் அனுப்பியவருக்குச் சீட்டு மட்டும்.

ஆட்டத்தின் பாதி நேரத்தில் கணிப்பை மாற்ற அனுமதித்தால் சுவாரசியம் கூடுமே? – சீர்காழி வாசகர்

கூடாது, கணக்கெழுதுபவர் திணறித்தான் போவார். 2023 ஆகஸ்டில் சென்னையில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதியில் இந்தியா பாதி நேரத்தில் மலேசியாவிடம் 1-3 என்று பின்தங்கி, கடைசியில் 4-3 என்று ஜெயித்தது. தொடக்கத்தில் இந்தியா என்று எழுதிவிட்டு மாற்றாமல் நின்றவருக்கு அன்று கிடைத்த சந்தோஷத்தை மாற்றும் வசதி பறித்துவிடும். முதல் நாளே சீட்டு கெட்டுப்போனவர்களுக்காக வேண்டுமானால் அரை இறுதிக்கு முன் ‘இரண்டாம் சீட்டு’ என்று தனியாக ஒன்று வையுங்கள். மூன்று ஆட்டம், தனிக் கணக்கு, சிறிய பரிசு. முதல் சீட்டோடு அதன் புள்ளியைச் சேர்க்காதீர்கள்.

மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தையும் சேர்க்கலாமா? – வேதாரண்யம் வாசகர்

வேண்டாம். அதில் ஆடுவது அரை இறுதியில் தோற்றவர்கள். எழுதியவரின் சீட்டில் அந்த ஜோடி அமைவதே அபூர்வம்.

ஆட்டக்காரர்கள் சீட்டு போடலாமா? – ஒரத்தநாடு வாசகர்

போடக் கூடாது. ஆட்டக்காரர், பயிற்சியாளர், மேனேஜர், அம்பயர், டெக்னிக்கல் மேசையில் இருப்பவர், கணிப்புப் போட்டியை நடத்துபவர் யாருக்கும் சீட்டு இல்லை. பரிசு பொம்மையாகவே இருந்தாலும், தன் அணி தோற்கும் என்று எழுதிய சீட்டு ஒரு கோல்கீப்பரின் பேரில் பெட்டிக்குள் கிடந்தால், அவர் விடும் ஒவ்வொரு கோலுக்கும் பேச்சு வரும். அந்தப் பிள்ளைக்கு அது பெரிய அவமானம். ரிசர்வ் ஆட்டக்காரருக்கும் இதே விதிதான்.

என் தம்பி பாஸ்டனில் படிக்கிறான். அங்கே கல்லூரி ஐஸ் ஹாக்கிக்கு இதே மாதிரிக் கணிப்பு பெரிதாக நடக்குமாம். இங்கே நாங்கள் இருபது நண்பர்கள் சேர்ந்து நடத்த ஆசைப்படுகிறோம். எப்படி? – மயிலாடுதுறை வாசகர்

நல்ல ஆசை. முதலில் அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்கத் தேசியக் கல்லூரிப் போட்டியின் ஆண்கள் பிரிவில் 16 அணிகள். ஆறு கான்ஃபரன்ஸ்களின் (கல்லூரி அணிகளின் லீக் குழுக்கள்) சாம்பியன்கள் நேரடியாக வருவார்கள், மற்றப் பத்து இடமும் அந்தப் பருவத்து ஆட்டங்களின் தரக்கணக்கால் நிரப்பப்படும். நான்கு பிராந்தியங்கள், பிராந்தியத்துக்கு நான்கு அணி. தோற்றால் வெளியே. நான்கு பிராந்திய வெற்றியாளர்களும் மோதும் கடைசிக் கட்டத்துக்கு ‘ஃப்ரோசன் ஃபோர்’ என்று பெயர். மொத்தம் 15 ஆட்டம், 32,768 விதமாக நிரப்பலாம். இருபது பேருக்குள் முழுச் சீட்டும் ஒன்றாக அமைவது அபூர்வம். புள்ளியை 2-3-4-5 என்று வைத்தால் மொத்தம் 41, சாம்பியனின் பாதைக்கு 14.

மார்ச்சில் ஒரு ஞாயிறன்று 16 அணிகளும் அறிவிக்கப்பட்டு, அதே வாரத்தின் பிற்பகுதியிலேயே பிராந்திய ஆட்டங்கள் தொடங்கிவிடும். சீட்டு வாங்க உங்களுக்கு மூன்று நான்கு நாள்தான். அங்கே மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவார்கள். அதன் பிறகு பாஸ்டனுக்கும் நமக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். அங்கே வியாழன் மாலை 5 மணி என்றால் இங்கே வெள்ளி அதிகாலை 2.30. ‘வியாழன் வரை அனுப்பலாம்’ என்று மொட்டையாகச் சொன்னால் பாதிப் பேர் தவறவிடுவார்கள். ‘வியாழன் இரவு 9 மணி, இந்திய நேரம்’ என்று எழுதுங்கள்.

அங்கே பிளே-ஆஃபில் ஷூட் அவுட் கிடையாது. 20 நிமிடம் வீதம் மூன்று பீரியட் முடிந்தும் சமம் என்றால், 20 நிமிடக் கூடுதல் ஆட்டங்கள், முதல் கோல் விழுந்தவுடன் முடிவு. கோல் விழும் வரை இது போய்க்கொண்டே இருக்கும். 2000-ஆம் ஆண்டு செயின்ட் லாரன்ஸ் அணி பாஸ்டன் பல்கலைக்கழகத்தை 3-2 என்று வீழ்த்தியது நான்காவது கூடுதல் ஆட்டத்தில். ஆகவே அங்கே கூடுதல் நேர கோல் ஆட்டத்தின் கோலேதான், மொத்தத்தில் சேரும். நம் ஷூட் அவுட் விதியை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

கான்ஃபரன்ஸ் பிளே-ஆஃபையும் சேர்க்க விரும்பினால், சில சுற்றுகளில் மூன்று ஆட்டத்தில் இரண்டு ஜெயிப்பவர் முன்னேறுவார். அங்கே தொடரை ஜெயிப்பது யார் என்பதற்கு 2 புள்ளி, இரண்டிலேயே முடியுமா மூன்று வரை போகுமா என்பதற்கு 1 புள்ளி கொடுக்கலாம்.

முதல் தரவரிசை அணிகளையே எல்லா இடத்திலும் எழுதிவிடாதீர்கள் என்று நண்பர்களிடம் சொல்லுங்கள். ஒரே ஆட்டத்தில் முடிவாகும் நாக் அவுட்டில் ஒரு கோல்கீப்பருக்கு நல்ல நாள் அமைந்தால் போதும். 2006-இல் ஹோலி கிராஸ் அணி மினசோட்டாவைக் கூடுதல் நேரத்தில் 4-3 என்று வெளியேற்றியது. 2013-இல் யேல், 2015-இல் பிராவிடன்ஸ் இரண்டும் தத்தம் பிராந்தியத்தில் நாலாவது அணியாக நுழைந்து கோப்பையோடு திரும்பின. உங்கள் தம்பியையும் ஒரு சீட்டு போடச் சொல்லுங்கள். அவர் ஆடுபவராகவோ அணியில் வேலை பார்ப்பவராகவோ இருந்தால் மட்டும் வேண்டாம்.